சுமை தாங்கிய பலகைகள்

வடகீழ்க்காற்று தொண்டைமானாற்று நீரேரியை வாரிக் கரையில் எறிய, கார்முகில் நண்பகலையே அந்தியாக்க, தாழையும் தோணியும் ஒரே கருமையுள் ஒடுங்கிய வேளையில், கடல் முருகைக்கல்லும் சுண்ணமும் கொண்டு எழுந்த அப்பழங்கடை நனைந்த யானைபோல் அசைவற்று நின்றது. அதன் முகப்பிலே சுவர்ணா பலகையொன்றைப் பற்றி உயர்த்த முயன்றுகொண்டிருந்தாள். அவள் கணவன் கனகலிங்கம் உள்ளே அகப்பட்டிருந்தான்.

கற்றறிந்தோரே, அக்கடையின் கதவு கீலில் ஆடும் கதவு அன்று. மேலே நெடிய பனைவிட்டத்திலும் கீழே வாசற்படியிலும் வெட்டிய பள்ளங்களில், ஆளுயரப் பலகைகள் ஒன்றையொன்று ஒட்டி நிறுத்தப்படும். மேற்பள்ளம் ஆழமானதாகையால், பலகையை உயர்த்தி அடியை இழுத்தால் கழன்றுவரும். சாரலுக்கு அஞ்சிக் கடைசிப் பலகையையும் உள்ளிருந்தே பொருத்திவிட்டு மூட்டைகளை நகர்த்தியவனுக்கு, இப்போது அது உயர மறுத்தது. கள்வருக்கு அஞ்சிய முன்னோர் பின்வாயில் வைக்கவுமில்லை.

"இஞ்சேருங்கோ, இன்னொருக்கா தூக்கிப் பாருங்கோ."

"பாத்திட்டன். ஆரோ மேலை ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு," என்றான் அவன்.

அவள் தம்பி ஜெயரூபன் அலவாங்கோடு ஓடிவந்தான். "விலகு அக்கா. ஒரு நெம்பு நெம்பினா அத்தான் வெளியிலை."

இரும்புமுனை பலகையில் பட்டதும் அவள் நெற்றியில் வெண்பொடி உதிர்ந்தது. நிமிர்ந்தாள். விட்டத்தின் மேற்குமுனை தாழ்ந்திருந்தது. அதைத் தாங்கிய சுவரின் பூச்சிலே கரும்பிளவொன்று ஓடியது. இடம்பெயர்ந்தோர் ஊர் மீண்ட ஆண்டில், பழஞ்சுவர் உறுதிபெறட்டும் என்று அவளே ஆசைப்பட்டுப் பூசுவித்த சாம்பல்நிறச் சீமெந்துச் சாந்து அது. சுண்ணச்சுவர் மழையைக் குடித்து வெயிலில் மூச்சாக விட்டுவிடும். புதுச்சாந்தோ அம்மூச்சை அடைத்தது. உள்ளே தங்கிய உப்பீரம் சுண்ணத்தைத் தின்று மாவாக்க, பிடியிழந்த விட்டம் இறங்கிப் பலகைகளின் தலைமேல் அமர்ந்துவிட்டது.

"எடு அந்த அலவாங்கை. பலகை கழண்டா கூரை அவரின்ரை தலையிலைதான்."

"உது பலகையக்கா, தூணே?"

"இண்டைக்கு உதுதான் தூண்."

சுவரினுள்ளே மணல் சொரிவதுபோல் ஓர் ஓசை எழுந்து ஓய்ந்தது. அவளுக்கு, ஆண்டுதோறும் கணவன் கூரை வேயும்போது தான் ஓடெடுத்துக் கொடுத்தது நினைவில் எழுந்தது. ஆணியின்றி ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த ஓடுகளை உள்ளிருந்தே கையால் தள்ளலாம். கிழக்குச் சுவரில் புதுச்சாந்து ஏறவுமில்லை.

"கிழக்குப் பக்கத்து மூட்டையிலை ஏறி ஓடுகளைத் தள்ளுங்கோ. மேற்குப் பக்கம் கால் வைக்காதையுங்கோ."

உள்ளே மூட்டைகள் உராயும் ஓசை எழுந்தது. பின்னர் ஓரோடு சரிந்து உடைந்தது, மற்றொன்றும் சரிந்தது; ஓடு தாங்கும் வரிச்சல்களிடையே பொடிபடிந்த தலையொன்று தோன்றியது.

"கள்ளன் இறங்கிற வழியாலை கடைக்காரன் ஏறி வாறார்," என்றான் ஜெயரூபன். அலவாங்கைக் கீழே போட்டான்.

பக்கத்து மதிலில் கால்வைத்து இறங்கியவனின் மணிக்கட்டைச் சுவர்ணா பற்றினாள், விடவேயில்லை. வாழ்வு தந்த கடை இனி என்று திறக்குமென ஒருவரும் கேட்கவில்லை. பிறர் வருவதைத் தடுக்க நிறுத்திய பலகைகள், தம் கடைக்காரனுக்காகக் கூரையைத் தலையில் ஏந்தி மழையில் நின்றன. அவற்றை இனித் தொடுபவர், முதலில் அச்சுமைக்கு வேறொரு தோள் கொடுத்துவிட்டே தொடல் வேண்டும்.