பழைய எண்

பில்லிங்ஸில் எங்கள் பண்ணைப்பொருள் கடைகளின் தலைமை அலுவலகம். ஒருவர் தம் விவரங்களை அழிக்கச் சொன்னால் நாற்பத்தைந்து நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது மொன்டானா மாநிலச் சட்டம். அந்தக் கோரிக்கைகளைப் பார்ப்பது என் வேலை.

செவ்வாய்க்கிழமை டெஸ்ஸா என்ற பெண் அழைத்தாள்.

"பொருள் வாங்கினா புள்ளி சேருமே, என் பேர்ல இருக்கற அந்தப் புள்ளிக் கணக்கை அழிச்சிடுங்க மேடம். க்லெண்டைவ் கடையில போன் நம்பர் கேட்டதும் பழக்கதோஷத்துல பழைய நம்பரைச் சொல்லிட்டேன். அந்தப் போன் இப்ப என் முன்னாள் கணவர் கையில. நான் இந்த ஊர்ல இருக்கறது அவருக்குத் தெரியக் கூடாது."

"அவர் மிரட்டறாரா?"

"போன தடவை கதவையே உடைச்சார்."

வாங்கிய கடையின் பெயரோடு புள்ளிக் கணக்குச் செய்தி வெள்ளிக்கிழமை அந்த எண்ணுக்குப் போய்விடும். கணக்கை அழிப்பதற்கோ, அதே எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பி ஆளை உறுதிசெய்வதுதான் எங்கள் வழக்கம். அதுவும் அவர் கைக்கே போகும்.

மேலாளர் டுவேனிடம் ஓடினேன்.

"கோட் அனுப்பாம முடியாது, மார்லிஸ். பேசறது அந்த ஆளே ஏற்பாடு பண்ணின பொம்பளையா இருந்தா?"

"சரியான கேள்விதான். ஆனா கோட்தான் அனுப்பணும்னு சட்டத்துல எங்க இருக்கு? நியாயமான வழியில உறுதி பண்ணுங்கன்னுதான் இருக்கு."

"நாற்பத்தஞ்சு நாள் இருக்கே. வக்கீலைக் கேட்போம்."

"அவளுக்கு மூணு நாள்தான் இருக்கு. சட்டத்தைப் படிச்சுப் பாருங்க, நான் இங்கயே நிக்கறேன்."

"நீ நிக்கறதைப் பார்த்தா எனக்குக் கால் வலிக்குது" என்று முனகினாலும் மூக்குக்கண்ணாடியை எடுத்தார். மனசுக்குள் கர்த்தரை வேண்டிக்கொண்டேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"இந்தக் கணக்கை ஆன்லைன்ல யாராவது திறந்து பார்த்திருக்காங்களா?"

"ஒரு வருஷமா யாரும் திறக்கலை."

"அப்படின்னா க்லெண்டைவ்ல என்னென்ன வாங்கினான்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கேளு. நானும் கேக்கறேன்."

அவள் எங்களை அழைத்த எண்ணுக்கே திரும்ப அழைத்தோம். டெஸ்ஸா யோசிக்காமல் சொன்னாள்: "கதவுக்கு ரெண்டு பூட்டு, தாழ்ப்பாள், திரைக் கம்பி. அப்புறம் பெரிய நாய்க்கான சோத்துக் கிண்ணம்."

"நாய் வளர்க்கறீங்களா?"

"இல்லை. வாசல்ல வெச்சா, உள்ள நாய் இருக்குன்னு நினைச்சுக்கட்டுமேன்னு."

பட்டியல் ஒன்றுவிடாமல் பொருந்தியது. அழித்த பிறகு தானாகப் போகும் உறுதிச் செய்தியையும் டுவேனே நிறுத்தினார்.

"அழிஞ்சிடுச்சா?" என்றாள் டெஸ்ஸா.

"அழிஞ்சிடுச்சும்மா. உங்களுக்கு வாயாலதான் சொல்றோம், அந்தப் போனுக்கு எதுவும் போகாது."

வெள்ளிக்கிழமை காலை செய்திகள் புறப்படும் முன் பட்டியலில் தேடினேன். அந்த எண் இல்லை. டுவேன் என் மேசைக்கு வந்தார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் கோட் பழைய போனுக்குப் போயிடும்னு பயந்து விட்டுட்டிருப்பாங்க?"

"தெரியலை. இந்த வருஷம் பாதியிலேயே நின்ன கோரிக்கை முப்பத்தொண்ணு இருக்கு."

"எடு. ஒவ்வொருத்தரா கூப்பிடுவோம்."

"பழைய நம்பருக்கு வேணாம். தபால்ல கேட்டவங்களை மட்டும், அவங்க லெட்டர்ல கொடுத்த நம்பருக்கு."

"சரி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். முதல் கடிதத்தைப் பிரித்தேன்.