ஒரே ஒரு ட்ரை

எங்கள் பள்ளியில் நான்கு ரக்பி அணிகள். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர், பதினேழு, பதினைந்து, இந்த மூன்றுக்கும் பயிற்சி கொடுப்பவன் என் தம்பி. பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் அவன்தான். பதிமூன்று வயதுக்குட்பட்ட பொடிசுகள் மட்டும் என் தலையில் வந்து விழுந்தார்கள். நான் வேதியியல் டீச்சர். "சும்மா ஓரமா நின்னா போதும்க்கா, அதுங்களே விளையாடிக்கும்" என்று விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனான். சின்ன வயதிலிருந்தே அவன் இப்படித்தான். தான் உடைத்த டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, அம்மா வரும்போது காணாமல் போய்விடுவான்.

சனிக்கிழமை ஆட்டம். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை மைக்கில் முடிவுகளை வாசிப்பார். பெரிய அணி வெற்றி. பதினேழு வெற்றி. பதினைந்து, ஒரு வாரம் அப்படி, ஒரு வாரம் இப்படி. கடைசியில் நாங்கள். நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யம். அறுபத்தாறுக்குப் பூஜ்யம். ஐந்தாவது வாரம் அவர் "பதிமூன்று வயதுக்குட்பட்டோர்" என்று ஆரம்பித்ததுமே மொத்தப் பள்ளியும் "பூஜ்யம்" என்று கோரஸ் பாடியது. என் பிள்ளைகளும் கூடவே பாடினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கே தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"இருக்கறது ஒரே மைதானம். பெரிய பசங்களுக்குப் பிராக்டீஸ் நேரம் பத்தலைன்னு உங்க தம்பி சொல்றாரு. அடுத்த வருஷம் சின்னவங்க டீமை எடுத்துடலாம்னு பாக்கறேன்."

"இன்னும் ஒரு மேட்ச் இருக்கு மேடம்."

"சரி. அதுல ஒரே ஒரு ட்ரை போடட்டும். டீம் இருக்கும்."

ட்ரை என்றால் எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் ஐந்து புள்ளி. அணியை எடுத்துவிடலாம் என்பதை சீசன் தொடக்கத்தில் சொல்லியிருந்தால், நன்றி சொல்லி அந்த அம்மாவின் காலில் விழுந்திருப்பேன். இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசிரியர் அறையில் தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கூடப் பொறந்தவன் பண்ற வேலையாடா இது?"

"நான் நேரம்தான்க்கா கேட்டேன். டீமை எடுங்கன்னா சொன்னேன்?" என்றவனின் முகம் தொங்கிப்போயிருந்தது. இருந்தாலும் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அணியிலேயே ஒல்லியானவள் குண்டூசி. ஜெர்சி அவளுக்கு முழங்கால் வரை தொங்கும். அவள்தான் கேட்டாள்: "அப்ப அடுத்த வருஷம் சனிக்கிழமையானா நாங்க எங்க போறது டீச்சர்?"

நான் விசிலை ஊதி எல்லோரையும் ஓடவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க மாலை ஐந்து மணிவரை அவர்களைப் பிழிந்தெடுத்தேன். பந்தைப் பின்னால் வீசு. இடுப்பைப் பிடித்துச் சாய். விழுந்தால் எழுந்திரு. குண்டூசிக்கு மட்டும் தனிப்பாடம். "நீ அந்த ஓரத்துலயே நில்லு. பந்து கைக்கு வந்தா ஓடு. யார் கத்தினாலும், நானே கத்தினாலும், காதுல வாங்காத."

சனிக்கிழமை வந்தது. எதிரணிப் பிள்ளைகளைப் பார்த்தால் சிலருக்கு மீசை அரும்பியிருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. இடைவேளையில் முப்பத்தொன்றுக்குப் பூஜ்யம். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ஐம்பத்திரண்டுக்குப் பூஜ்யம். ஆட்டம் பார்க்க வந்திருந்த தலைமையாசிரியை கிளம்பத் தயாராகக் குடையை மடக்கிவிட்டார்.

ஜெயித்தாயிற்று என்ற மிதப்பில் எதிரணிப் பையன் ஒருவன் பார்க்காமலேயே பந்தைப் பக்கவாட்டில் வீசினான். அது நேராகக் குண்டூசியின் நெஞ்சில் வந்து மோதியது. அவள் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரு விநாடி பந்தையே பார்த்தாள். பிறகு ஓடினாள் பாருங்கள், அப்படியொரு ஓட்டம். மீசைக்காரர்கள் துரத்தினார்கள். ஒருவன் அவள் ஜெர்சியை எட்டிப் பிடித்தான். தொளதொளவென்று இருந்ததால் துணிதான் கைக்கு வந்தது, ஆள் வரவில்லை. கோட்டைத் தாண்டிவிட்டாள்.

தாண்டி, நின்றாள். பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"கீழ வை!" என்று என் பக்கத்தில் நின்றிருந்த தம்பி அலறினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது. பந்தைத் தரையில் அழுத்த வேண்டும். எல்லாம் சொல்லிக்கொடுத்த நான் இதை மட்டும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. சீசன் முழுக்க அந்தக் கோட்டுப் பக்கமே நாங்கள் போனதில்லை, அந்த நினைப்பு எனக்கு எங்கிருந்து வரும்?

"கீழ வைம்மா!" என்று நானும் கத்தினேன். நானே கத்தினாலும் காதில் வாங்காதே என்று சொன்னதும் நான்தானே. அவள் சமர்த்தாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். மீசைக்காரன் பத்தடி தூரத்தில் வந்துகொண்டிருந்தான்.

அவனுக்கு முன்னால் என் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். பந்தை வைக்கச் சொல்ல அல்ல, அவர்களுக்கும் அது தெரியாதே. கட்டிக்கொள்ளப் போனார்கள். முதல் ஆள் கழுத்தில் தொங்க, இரண்டாமவன் முதுகில் தாவ, மூன்றாவது, நான்காவது என்று ஏறி, மொத்தக் கூட்டமும் குண்டூசியின் மேல் சரிந்தது. அந்த மீசைக்காரனும் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் மேலே விழுந்தான்.

நடுவர் ஓடி வந்தார். ஒவ்வொருவராகச் சட்டையைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தார். தம்பி என் கையை நெரித்துக்கொண்டிருந்தான். கடைசி ஆளையும் தூக்கியபோது, அடியில் குண்டூசி குப்புறக் கிடந்தாள். வயிற்றுக்கடியில் பந்து, பந்துக்கடியில் புல். நடுவர் மண்டியிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து பார்த்தார். எழுந்தார். விசிலை ஊதிக் கையை உயர்த்தினார்.

அதன்பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. நான் குதித்ததாகத் தம்பி சொல்கிறான். செருப்பு ஒன்று மைதானத்துக்குள் பறந்ததாம். தலைமையாசிரியை மடக்கிய குடையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு, "இருக்கும், டீம் இருக்கும்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. நான் தம்பியின் தோளில் சாய்ந்து அழுதேன். அவன் மூக்கையும் துடைக்க வேண்டியிருந்தது.

ஆட்டம் முடிந்து கைகுலுக்க எதிரணி வரிசையாக வந்து நின்றது. எங்கள் பக்கம் வரிசைக்கே ஆளில்லை. எல்லோரும் குண்டூசியைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். எதிரணிப் பயிற்சியாளர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, மரியாதையாக என் பக்கம் வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். உங்க பசங்களுக்கு ஸ்கோர் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார்" என்றேன். "அஞ்சு."