‘வே’ என்றால் வேந்தர்

காலை ஏழு மணிக்கு வீட்டுவேலைக்கு வரும் அக்கா, தெருமுனை இரும்புக் கேட்டை ஒருமுறை முறைத்துவிட்டு, இடப்பக்கம் குப்பைச் சந்துக்குள் திரும்பினாள். “வேலையாட்கள் பின்வழியாக வரவும்” என்று கேட்டில் பலகை தொங்கியது. சுற்றிவர அரை கிலோமீட்டர். முழங்கால் வலி உயிரை வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்வழி திறக்காவிட்டால் வேலைக்கு வரமாட்டேன் என்று ஏழாம் வீட்டம்மாவிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்.

பலகையை மாட்டியவர் அந்த அம்மாவின் கணவர்தான். வங்கி மேலாளராக ஓய்வு பெற்று, இப்போது தெருச் சங்கத் தலைவர். பழமையான அந்தத் தெருவின் இருபத்திரண்டு வீடுகளிலும் நிலைப்படிக்கு மேலே ‘வே’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் செதுக்கியிருக்கும். ‘வே’ என்றால் வேந்தர் என்று தலைவர் தாமாகவே முடிவு கட்டிவிட்டார். ராஜ பரம்பரைத் தெருவில் கண்டவர்களும் முன்வழியில் நடக்கலாமா என்பது அவர் கேள்வி. ராஜா இத்தனூண்டு அடுப்படியில் எப்படித் திரும்பினார் என்று மனைவி கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெருவின் வரலாற்றைக் கல்லில் பொறித்து ஞாயிறன்று திறப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை சாக்கடை அடைத்துக்கொண்டது. குழாய் எங்கே போகிறது என்று பார்க்க, நகராட்சியிலிருந்து பழைய வரைபடத்தின் நகலை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார் பிளம்பர். அதில் சாலைக்கு எதிரே, இப்போது பேருந்து நிறுத்தம் இருக்கும் இடத்தில், ஒரு பெரிய மாளிகை. இந்தப் பக்கம், “வேலையாட்கள் குடியிருப்பு, வே 1 முதல் 22 வரை.” தெருமுனைக் கேட்டின் மேல், “வேலையாட்கள் வாசல்.”

மனைவி சிரித்த சிரிப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. தலைவருக்கு முகம் சுண்டிப்போனது. பிளம்பருக்குத் தேவை குழாய்தான்; வரைபடத்தை மடித்து வைத்துவிட்டால் விஷயம் வெளியே போகாது. அந்த நேரம் பார்த்துப் பின்கதவு வழியாக நொண்டிக்கொண்டே வந்த அக்கா, படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். இந்த ஏழாம் வீட்டில் முதலில் குடியிருந்தவளும் இப்படித்தான் களைத்து வந்து உட்கார்ந்திருப்பாள் என்று தலைவருக்குத் தோன்றியது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் தெருவே கூடி நின்றது. கல்லைத் திறக்காமல் தலைவர் நேராகக் கேட்டுக்குப் போய்ப் பலகையைக் கழற்றினார். வரைபடத்தை எல்லோருக்கும் காட்டினார்.

“வேலை செஞ்சு பொழைச்சவங்களுக்காகக் கட்டின தெரு இது. இதுல குடியிருந்துக்கிட்டு, வேலை செய்யறவங்களையே சந்து வழியா அனுப்பினேன். தப்பு என்னோடது. உழைக்கிறவங்களுக்கு முன்வாசலை மூடுறவன் எந்த வீட்ல இருந்தாலும் சின்ன மனுஷன்தான்.”

அக்கா வரைபடத்தில் கேட்டின் மேல் இருந்த எழுத்தை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு நிதானமாகத் தலைவரைப் பார்த்தாள்.

“இது வேலையாட்கள் வாசல்னுதான சார் போட்டிருக்கு? நீங்கதான் ரிட்டையர் ஆயிட்டீங்களே. நாளையிலேர்ந்து நீங்க சந்து வழியா வாங்க.”