கரி பஸ் கொடுத்த கரண்ட்

ஊரில் எல்லாரும் கரண்ட் போகக் கூடாது என்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், கரண்ட் போக வேண்டும் என்று மனமுருகி ஜெபம் செய்தவன் ராஜபாளையம் ஏசுவடியான் ஒருவன்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பிழைப்பு அப்படி.

ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சமயம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து, பக்கத்திலேயே பெருமாள் கோயில் இருக்கிற திருவண்ணாமலைக் குன்றுக்குப் போகிற பாதையில், புளியமரங்களுக்குப் பின்னால், பட்டாளத்துக்காரர்கள் ஒரு கம்பியில்லாத் தந்தி முகாம் போட்டிருந்தார்கள். கடலில் போகிற கப்பல்களோடு பேசுகிற முகாம் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். முகாமுக்கு மின்சாரம் எங்கேயோ தூரத்து மலையிலிருந்து கம்பி வழியாக வந்தது. அது நின்றுவிட்டால் முகாமுக்கு வாய் அடைத்துவிடும் அல்லவா? அதற்காகத் தகரக் கொட்டகை ஒன்றில் ஒரு ஆயில் என்ஜினும், அதன் சக்கரத்திலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றுகிற டைனமோவும் தயாராக நின்றன. என்ஜினுக்கு டிரைவர் ஏசுவடியான். துடைக்க, எண்ணெய் விட, தண்ணீர் ஊற்ற மொக்கைச்சாமி என்று ஒரு கட்டைப் பிரம்மச்சாரி.

வேலை நல்ல வேலைதான். ஒரே ஒரு குறை, கரண்ட் போகவே மாட்டேன் என்றது. ராஜபாளையத்து ஆலைகளில் மாதம் ஒருமுறையாவது விளக்கு அணைந்து கூச்சல் கிளம்பும். முகாமில் மட்டும் பல்பு கண் சிமிட்டக்கூட இல்லை. வாரம் ஒரு நாள் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்துவார்கள். மற்ற நாளெல்லாம் மொக்கைச்சாமி அதைத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கிற அளவுக்கு வைத்திருந்தான்.

ஆடி மாதத்தில் மதுரையிலிருந்து மேஜர் துரை சோதனைக்கு வந்தார். என்ஜினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பளபளப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. இங்கிலீஷில் என்னவோ சொல்ல, முகாம் குமாஸ்தா பொன்னுராஜ் அதைத் தமிழில் சொன்னார்.

"ஏசுவடியான், தொர சொல்றத நல்லாக் கேட்டுக்கோ. அஸ்ஸாம் பக்கம் குண்டடிபட்டுக் கெடக்கவங்களுக்கு ஆபரேசன் பண்ண வெளிச்சம் இல்லியாம். இங்க ஒரு இஞ்சின் சும்மா ஒக்காந்துருக்குங்காரு. அடுத்த தடவ அவரு வாரதுக்குள்ள இதுக்கு இங்க சோலி இருக்குன்னு காட்டணும். இல்லாட்டி இஞ்சினு அஸ்ஸாமுக்கு. ஓட்டுற ஆளும் கூடவே."

ஏசுவடியானுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஊரார் விசாரிப்பதையும் நிறுத்திவிட்ட பிறகு, அவன் மனைவி தேவகிருபை இப்போதுதான் முழுகாமல் இருந்தாள். மார்கழிக்குப் பிள்ளை பிறந்துவிடும். அவளுக்கு என்று தாய்வீடும் கிடையாது. அவளை விட்டுவிட்டு அஸ்ஸாமுக்குப் போவதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்துதான் இந்த ஜெபம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லாரும் மழைக்கும் சமாதானத்துக்கும் வேண்டிக்கொள்ளும்போது, இவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கம்பி அறுந்து விழ வேண்டிக்கொள்வான். தேவகிருபை விஷயத்தைத் தெரிந்துகொண்டு சிரி சிரி என்று சிரித்தாள்.

"ஊரு இருட்டாப் போகணும்னு செபம் பண்ணுத மனுசன் உலகத்துலயே நீங்க ஒருத்தருதான். ஆண்டவருக்கே கொழப்பமா இருக்கும்."

"நீ சிரிக்க. எனக்குல்ல தெரியும் வேதனை," என்றான் ஏசுவடியான்.

புரட்டாசி வந்தது. ஆயுத பூஜையும் வந்தது. மொக்கைச்சாமிக்கு அது தீபாவளியைவிடப் பெரிய நாள். என்ஜினுக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, கதம்ப மாலை போட்டு, தட்டில் பொரியும் கடலையும் குங்கிலியமும் வைத்துத் தூபம் காட்டினான். ஏசுவடியான் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொடுத்த பொரியை வாங்கித் தின்றான். அவன் எதிலும் தலையிடுவதில்லை.

"அண்ணே, நாளைக்கு மறுபூசை போடுற வரைக்கும் இஞ்சின யாரும் தொடக்கூடாது. அது ஒறங்குது," என்றான் மொக்கைச்சாமி. "விடியக்காலம் நான் திருவண்ணாமலைக்குப் போயி முடி எறக்கிட்டு, உச்சிப் பொழுதுக்குள்ள வந்துருவேன். வந்து மறுபூசைய நானே போட்டுருதேன்."

"சரிப்பா. நான் எங்க அதத் தொடப்போறேன்," என்றான் ஏசுவடியான்.

மறுநாள் முற்பகலில், சொல்லாமல் கொள்ளாமல் மேஜர் துரையின் ஜீப் வந்து நின்றது. அது நின்ற சற்று நேரத்துக்கெல்லாம் மேற்கு மலையில் மேகம் கறுத்து இறங்கியது. காற்று புளியமரங்களைப் பிடித்து உலுக்கியது. ஒரு பெரிய கொப்பு மடமடவென்று முறிந்து கம்பியின் மேல் விழுந்தது. முகாம் முழுக்க விளக்கு அணைந்தது. தந்தி அறையில் வந்துகொண்டிருந்த செய்தி பாதியில் நின்றது.

ஏசுவடியானுக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை மாதத்து ஜெபம். அதுவும் மேஜர் துரை கண்ணெதிரே. கொட்டகைக்கு ஓடினான். மாலையோடு நின்ற என்ஜினைப் பார்த்ததும்தான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. மொக்கைச்சாமியிடம் மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கைப்பிடியைச் செருகிச் சுற்றினான்.

என்ஜின் மூச்சே விடவில்லை. மறுபடி சுற்றினான். இரண்டு சிப்பாய்கள் வந்து கூடச் சுற்றினார்கள். சக்கரம் சுற்றியது, உள்ளே மட்டும் பிடிக்கவே இல்லை. எண்ணெய் வருகிறதா என்று பார்த்தான், வந்தது. வால்வைத் தட்டிப் பார்த்தான், நன்றாக இருந்தது. போன வாரம் ஒரே சுற்றில் கிளம்பிய என்ஜின். வியர்வை வழிய, வேதக்காரனான அவனுக்கே சரஸ்வதி கோபித்துக்கொண்டாளோ என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. வாசலில் மேஜர் துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா ஆச்சு?" என்றார் பொன்னுராஜ்.

"தெரியலங்கய்யா. பிரிச்சுத்தான் பாக்கணும். சாயந்தரம் ஆயிரும்."

அதை இங்கிலீஷில் பொன்னுராஜ் சொல்லத் தேவையே இருக்கவில்லை. மேஜர் துரையின் முகத்திலேயே அஸ்ஸாம் தெரிந்தது.

அப்போதுதான் பாதையில் கடகடவென்று சத்தம் கேட்டது. திருவண்ணாமலைக்குப் போய்த் திரும்புகிற தவசிமுத்துவின் பஸ். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதிலிருந்து பஸ்ஸெல்லாம் கரியில்தான் ஓடின. பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு டிரம் நிற்கும். அதில் கரியைப் போட்டு நெருப்பு மூட்டினால், கிளம்புகிற புகைதான் என்ஜினை ஓட்டும். மேட்டில் மட்டும் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். ஏசுவடியான் அந்த டிரம்மைப் பார்த்தான். திரும்பி, சும்மா நிற்கிற டைனமோவைப் பார்த்தான். அடுத்த நிமிஷம் நடுரோட்டில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, நட்டநடு ரோட்டுல நிக்கியளே, உசுரு மேல ஆசை இல்லியா?" என்றான் தவசிமுத்து.

"தவசி, ஒன் பஸ்ஸு செத்த நேரம் எனக்கு வேணும். பின் சக்கரத்தத் தூக்கி, டயரக் கழத்தி, அதுல பெல்ட்ட மாட்டி டைனமோவச் சுத்தணும். இல்லாட்டி நான் அஸ்ஸாமுக்குப் போகணும்."

தவசிமுத்து தலையைச் சொறிந்தான். ஏசுவடியானுக்குத் திடீரென்று ஒரு பயம். "ஒன் வண்டிக்கும் நேத்துப் பூசை போட்டிருப்பியே. அதுவும் ஒறங்குதோ?"

"அதெல்லாம் இல்ல. இஞ்சினுதான் மறுபூசை வரைக்கும் ஒறங்கும். வண்டிய எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி எறக்கியாச்சுன்னா அப்பவே முழிச்சுக்கிடும். ஆனா உள்ள இருக்கவங்க என்ன சொல்லுவாங்களோ."

உள்ளே முழுக்க மொட்டைத் தலைகளும் நாமங்களுமாக இருந்தன. முன் சீட்டில் மடியில் பிரசாதப் பாத்திரத்தோடு இருந்த சீனியம்மாள் எட்டிப் பார்த்தாள். தேவதானத்துக்காரி, நல்ல வாய்.

"யாரு அஸ்ஸாமுக்குப் போகணும்?"

"நாந்தாம்மா. வீட்டுல பிள்ளைத்தாச்சி இருக்கா."

"அப்பொறம் என்ன யோசனை. ஏலே, எல்லாரும் எறங்குங்கலே," என்றாள் சீனியம்மாள். பஸ் காலியானது.

பஸ்ஸைக் கொட்டகை வாசலில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பின்பக்கம் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார்கள். டயரைக் கழற்றிவிட்டு, வெறும் இரும்பு விளிம்பில் பெல்ட்டை மாட்டினார்கள். தவசிமுத்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தான். சக்கரம் சுற்றியது. ஆனால் பெல்ட் வழுக்கியது, டைனமோ அரைகுறையாகத் திரும்பி நின்றது. ஏசுவடியான் சுற்றுமுற்றும் பார்த்தான். பூஜைத் தட்டில் மிச்சமிருந்த குங்கிலியம் கண்ணில் பட்டது. பிசின்தானே, பிடிக்கும் என்று அதை அள்ளிப் பொடித்துப் பெல்ட்டின் உள்பக்கம் தூவினான். பெல்ட் கப்பென்று பிடித்துக்கொண்டது. டைனமோ ரீங்காரம் போட்டது.

கொட்டகை பல்பு முதலில் சிவந்தது, பிறகு மஞ்சளானது, பிறகு வெள்ளையாகப் பளிச்சிட்டது. சிப்பாய்கள் கையைத் தட்டினார்கள். பல்பு ரொம்பப் பிரகாசித்தால் எரிந்துபோகும், மங்கினால் தந்தி ஓடாது. தவசிமுத்து உட்கார்ந்த இடத்திலிருந்து பல்பு தெரியாது. அந்த வேலையைச் சீனியம்மாள் எடுத்துக்கொண்டாள்.

"மங்குதுலே, மிதி. போதும் போதும், கால எடு. ஆங், அப்பிடியே வச்சுக்கோ. ஏட்டி, நீ மறைக்காத, எனக்கு வெளிச்சம் தெரியல."

மொட்டைத் தலைகள் முறை வைத்து டிரம்மில் கரி அள்ளிப் போட்டன. தந்தி அறையிலிருந்து கட்டுக்கட்டென்று சத்தம் கேட்கத் தொடங்கியது. பாதியில் நின்ற செய்தி முழுவதும் வந்து சேர்ந்தது என்று பொன்னுராஜ் ஓடிவந்து சொன்னார். ஏசுவடியானுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் அதை மறைக்கவும் இல்லை.

இந்தச் சமயத்தில் முகாம் வாசலில் ஒரே ரகளை. உள்ளே விடு என்று ஒரு மொட்டை பாராக்காரனோடு மல்லுக்கு நின்றான். பஸ்ஸில் இடம் கிடைக்காமல் மலையடிவாரத்திலிருந்து நடந்தே வந்த மொக்கைச்சாமி. தலையெல்லாம் சந்தனமாக இருந்ததால் பாராக்காரனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஏசுவடியான் போய்க் கூட்டிவந்தான். கழற்றிய மாலையைக் கண்டதும் மொக்கைச்சாமிக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"தொடாதீகன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேண்ணே."

"தொட்டேன்டா, தப்புதான். ஆனா கெளம்பலியே. மூச்சே விடலடா."

"எப்பிடிண்ணே விடும்? ஒறங்கையில வாயத் தொறந்து போட்டுருக்கக் கூடாது, கண்ணேறு உள்ள போயிரும்னு காத்துக் கொழாய்க்குள்ள எலுமிச்சம்பழத்தத் திணிச்சுல்ல வச்சுருக்கேன். மறுபூசை போட்டுட்டு எடுக்கணும்னு இருந்தேன்."

ஏசுவடியான் அவனையே பார்த்தான். கோபப்படலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. குழாயைக் கழற்றிக் குலுக்கினார்கள். நல்ல உருண்டையான பழம் ஒன்று கையில் விழுந்தது. மொக்கைச்சாமி அங்கேயே சூடம் கொளுத்தி மறுபூஜையை முடித்தான். ஏசுவடியான் கைப்பிடியைச் சுற்ற, ஒரே சுற்றில் என்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

இப்போது ஒரு கொட்டகைக்கு இரண்டு என்ஜின்கள். மேஜர் துரை பஸ்ஸைப் பார்த்தார், கரியைப் பார்த்தார், சுற்றிலும் காடாக வளர்ந்து கிடந்த கருவேல மரங்களைப் பார்த்தார். பிறகு பொன்னுராஜிடம் வெகுநேரம் பேசினார். பொன்னுராஜின் முகம் விரிந்துகொண்டே போனது.

"ஏசுவடியான், பெட்ரோல் இல்லாம நம்ம பட்டாளத்து லாரி ஒண்ணு கெடக்குல்ல? அதுக்கு இதே மாதிரி டிரம் மாட்டச் சொல்லுதாரு. கரண்டு போனா அத வச்சே சுத்திக்கிடணுமாம். கரி இங்கயே கெடைக்குது, கப்பல்ல வர வேண்டியதில்ல. அத நீதான் ஓட்டணும். நீ இங்கயேதான்."

"இஞ்சினுங்கய்யா?"

"அது அஸ்ஸாமுக்கு. அங்க அது வேணும்ல."

ஏசுவடியானுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. தேவகிருபையின் முகம் கண்முன் வந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தால், மொக்கைச்சாமி என்ஜினின் மேல் கையை வைத்தபடி நின்றான், கன்றுக்குட்டியைச் சந்தைக்கு அனுப்புகிறவன் மாதிரி.

"அங்க இதுக்கு யாரு எண்ணெய் விடுவா? பாசை தெரியாதவங்க கிட்டப் போயி இது எப்பிடி ஓடும்?" என்றான். என்ஜினை ஒரு தடவை தடவிக்கொடுத்தான். பிறகு பொன்னுராஜிடம், "ஐயா, தொர கிட்டச் சொல்லுங்க, நான் கூடப் போறேன். எனக்கு இங்க புள்ளையா குட்டியா. தலையும் மொட்டையாத்தான் இருக்கு, பட்டாளத்துல புதுசா வெட்டவும் வேண்டியதில்ல," என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். ஏசுவடியானுக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்கு வந்த பயணத்தை இவன் தோளில் வாங்கிக்கொண்டு போகிறான் என்று தெரிந்தது. தான் அதை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை என்பதும் தெரிந்தது.

அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் என்ஜினைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றினார்கள். அதை மூடியிருந்த தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே மொக்கைச்சாமி தகரப் பெட்டியோடு உட்கார்ந்துகொண்டான். தேவகிருபை கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை மடியில் வைத்துக்கொண்டு, ரொம்பத் தூரப் பிரயாணம் போகிற பெருமையோடு எல்லாரையும் பார்த்தான். கார்டு பச்சைக் கொடியை எடுத்தார்.

ஏசுவடியான் மடியை அவிழ்த்தான். குழாயிலிருந்து எடுத்த அந்த எலுமிச்சம்பழத்தை இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்தான். சுற்றிலும் சபைக்காரர்கள் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கக்கூட இல்லை. குனிந்து, அந்த வண்டியின் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் வைத்தான்.

"அண்ணே, நீங்க வேதக்காரராச்சே," என்றான் மொக்கைச்சாமி மேலிருந்து.

"இருக்கட்டும்டா. வழியில அது முழிச்சுக்கிட்டு இருக்கணும்ல."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. பழம் நசுங்கிச் சாறு தெறித்தது. அவன் வீடு போய்ச் சேர்ந்தபோது, கையில் என்ன எலுமிச்சை வாசம் என்று தேவகிருபை கேட்டாள்.