நூற்றுப் பன்னிரண்டாம் வீடு

கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நிற்க வேண்டும். கொல்லர் போட்ட கட்டளை அது. வாசற்படியில் காலை ஊன்றிக்கொண்டு கேட்டால் அதற்குப் பெயர் கேட்பது இல்லை, மிரட்டுவது. குதிரைவீரனோ இருபது வருஷமாக வாளைச் சுழற்றிப் பழகியவன். முதல் வீட்டில் அவன் தட்டிய தட்டுக்கு உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்தது.

"மாமா, கதவ உடைக்கவா வந்தோம்? உள்ள பச்சக் கொழந்த தூங்குதுன்னு நெனச்சுத் தட்டுங்க" என்றான் மச்சினன். குதிரைவீரனுடைய மனைவியின் தம்பி. ஊரில் வாயாடி என்று சொன்னால் இவனைத்தான் காட்டுவார்கள். சாக்கைத் தூக்க வந்தவன், பாதி நேரம் மாமாவைக் கேலி செய்துகொண்டே கூட வந்தான்.

கேட்க வேண்டிய வார்த்தையையும் கொல்லரே சொல்லிக் கொடுத்திருந்தார். "உங்க வீட்டு இரும்புல ஒரு துண்டு வேணும். மனசிருந்தா குடுங்க. இல்லன்னாலும் வருத்தமில்ல."

இத்தனை பணிவும் ஒரு டிராகனுக்காக. சிறகும் செதிலுமாக மலைக்குப் பின்னாலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை வரும் அவளை ஊர் கொள்ளிவாய்த் தேவி என்றது. பயத்தில் யாரோ தேவி என்று கையெடுத்துக் கும்பிட, அதையே பட்டமாகச் சூட்டிக்கொண்டவள். வருஷத்துக்கு ஒரு தெருவைப் பிடுங்கிக்கொண்டு போவாள். ஓடுகிறவர்களைத் துரத்த மாட்டாள். வீடுகளை எரித்துச் சாம்பலாக்கிவிட்டுப் போவாள். எதிர்த்து நின்றவர்களில் ஒருவரும் திரும்பியதில்லை. முறை தவறாமல் வரிசையாக வருகிறவள் என்பதால், அடுத்து எந்தத் தெரு என்று ஊருக்கே தெரியும். இந்த வருஷம் தையல்காரர் தெரு. குதிரைவீரன் வீடு அதில்தான் இருக்கிறது. அவன் மனைவி முன்னறையில் தையல் வேலை பார்க்கிறாள்.

வாள்கள் அவளிடம் பலிக்கவில்லை. அதற்குக் காரணம் கொல்லருக்குத் தெரிந்திருந்தது. "கொல்றதுக்குன்னே அடிச்ச இரும்பு அவ முன்னால மெழுகு. வீட்டுல உழைச்ச இரும்பா இருக்கணும். அதையும் மனசாரக் குடுத்திருக்கணும். பிடுங்குறது அவ தொழில். பிடுங்கின பொருள் அவ பேச்சத்தான் கேக்கும்."

ஆகவே ஒரு ஈட்டியும் ஒரு கேடயமும் அடிக்க இரும்பு கேட்டு வீடு வீடாக அலைந்தார்கள். ரொட்டி சுடுகிறவர் அடுப்பு இடுக்கியைக் கொடுத்தார். பானை மூடிகள் மட்டும் அறுபது சேர்ந்தன; அவை கேடயத்துக்கு. கரண்டி, கீல், துருப்பிடித்த சாவி, வண்டிச் சக்கரத்துப் பட்டை எல்லாம் ஈட்டிக்கு. முடிவெட்டுகிறவர் மட்டும் சவரக்கத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு, "இது போனா என் பொழப்பு போயிடும்ங்க, தரமாட்டேன்" என்றார். குதிரைவீரன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கதவுக்கு நகர்ந்தான். மறுநாள் அதே மனிதர் தன் கடைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். மொத்தம் நூற்றுப் பதினோரு வீடுகள்.

தேவி வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது கொல்லர் ஈட்டியைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "உடம்பு உறுதியாத்தான் இருக்கு. முனைக்கு இன்னும் நல்ல எஃகு வேணும். கூர் நிக்கணும்."

ஊரிலேயே நல்ல எஃகு எங்கே இருக்கிறது என்று குதிரைவீரனுக்குத் தெரியும். அவன் மனைவியின் கத்தரிக்கோல். அவள் முதன்முதலில் தைத்துச் சம்பாதித்ததில் வாங்கியது. கட்டைவிரல் உறுத்தாமல் இருக்க ஒரு வளையத்தில் சிவப்புத் துணி சுற்றியிருப்பாள். தம்பி மீசையை ஒதுக்க ஒரு தடவை கேட்டதற்கே, "அடுப்பு இடுக்கியால இழுத்துப் பிடுங்கிக்கோ" என்றவள்.

மதியம் அவன் வீட்டுக்குப் போனபோது அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். கத்தரி மேசையில் இருந்தது. நம் வீட்டுப் பொருள்தானே, சொந்த வீட்டில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டான். அது வாய்க்குச் சொன்ன சமாதானம். உள்ளே இருந்தது பயம். முடிவெட்டுகிறவர் தரமாட்டேன் என்றபோது அடுத்த கதவு இருந்தது. இவள் தரமாட்டேன் என்றால் எந்தக் கதவுக்குப் போவது? எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

கிளம்புவதற்குள் அவள் வந்துவிட்டாள். மேசையைப் பார்த்தாள். துணிகளைப் புரட்டினாள். "ஏங்க, என் கத்தரியப் பாத்தீங்களா?"

"நீதான் எங்கயாவது வச்சிருப்ப."

ஆணியில் தொங்கிய அவன் பையின் பக்கம் ஒரு தரம் திரும்பினாள். பிறகு ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்துவிட்டாள். தப்பித்தோம் என்று அவன் பையை எடுத்துக்கொண்டு நடந்தான்.

கொல்லர் கத்தரியை இரண்டாகப் பிரித்தார். "ஒரு பக்கம் போதும்" என்று சிவப்புத் துணி சுற்றிய பாதியை அலமாரியில் வைத்தார். "எல்லாம் கேட்டு வாங்கினதுதானே?"

"கேட்டுத்தான்."

பொய்கூட இல்லை, நூற்றுப் பதினோரு வீட்டில் கேட்டானே! இப்படியெல்லாம் கணக்குச் சொல்லித்தான் மனுஷன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான்.

தேவி வந்த பகலில் தெரு காலியாக இருந்தது. தெருமுனையில் இவன் ஈட்டியோடும், பக்கத்தில் மச்சினன் கேடயத்தோடும் நின்றார்கள். "மாமா, குறி தப்பிச்சுன்னா அக்காகிட்ட நான் உங்களக் காட்டிக் குடுத்துடுவேன்" என்றான் மச்சினன்.

குறி தப்பவில்லை. கழுத்துச் செதிலுக்கு நடுவே சரியாகப் போய்ப் பட்டது. பட்டதும், எஜமானைக் கண்ட நாய் போல முனை அவளிடம் குழைந்தது. வளைந்து, ஒழுகி, கீழே சொட்டியது. மீதி ஈட்டி அப்படியே கெட்டியாக இருந்தது. கரண்டியும் கீலும் தாழ்ப்பாளும் தங்கள் வேலையைச் செய்தன. அந்த ஒரு விரல் நீளம்தான் கைவிட்டது.

"இது என்னோடது" என்று தேவி சிரித்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

கேடயம் ஒரு ஆளை மறைக்கும் அளவுக்குத்தான் இருந்தது. மச்சினன் அதை மாமாவின் மேல் கவிழ்த்து அழுத்தினான். அறுபது பானை மூடிகளில் ஒன்றுகூட உருகவில்லை. அதற்கு அடியில் குதிரைவீரன் உயிரோடு கிடந்தான். தெருவும் போனது, மச்சினனும் போனான்.

எட்டு நாள் கழித்துக் கொல்லர் மிச்சக் கத்தரியை அவன் கையில் வைத்தார். "எது கேட்டு வாங்காததுன்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. முனைதான உருகிச்சு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

ரொட்டி சுடுகிறவர் தன் மாவு அறையைத் தங்கக் கொடுத்திருந்தார். அவன் மனைவி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கத்தரி இல்லாமல், துணியைப் பல்லால் கடித்துக் கிழித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கத்தரியின் பாதியை அவள் முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னான். "உன் தம்பிய நான்தான் கொன்னேன்."

அவள் சிவப்புத் துணியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கே பாத்துட்டேன். பைக்கு வெளிய இந்தத் துணி தெரிஞ்சுது. வாய் திறந்து கேக்கட்டும், உடனே எடுத்துக்கோங்கன்னு சொல்லலாம்னு உக்காந்திருந்தேன். நீங்க கேக்கல. ஊர்ல எல்லார்கிட்டயும் கும்பிட்டுக் கேக்குறவருக்கு என்கிட்ட மட்டும் வாய் வரலியேன்னு எனக்கு ரோஷம்." அவள் துணியிலிருந்து விரலை எடுத்தாள். "நானாவது ஒரு வார்த்த, எடுத்துட்டுப் போங்கன்னு உங்க முதுகுக்குப் பின்னாலயாவது சொல்லியிருந்தா, என் தம்பி இருந்திருப்பான்."

ஆறுதல் சொல்ல இருவருக்கும் தகுதி இல்லை. வெளியே யாரோ மாவு சலிக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த வருஷம் தேவி கருமார் தெருவுக்கு வருவாள். ஈட்டியின் உடம்பு கொல்லர் பட்டறையில் முனையில்லாமல் சாய்ந்து கிடக்கிறது. மிச்சப் பாதியை அதற்கு முனையாகக் கேட்க நினைத்துத்தான் அவன் இங்கே வந்தான். ஆனால் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

அவளே பார்வையை உயர்த்தினாள். "கேளுங்க."

அவன் கத்தரியின் பக்கம் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"மத்த வீட்டுல எப்படிக் கேட்டீங்களோ அப்படியே கேளுங்க."

குதிரைவீரன் எழுந்து வெளியே போனான். கதவைச் சாத்தினான். பச்சைக் குழந்தை தூங்கும் வீட்டைத் தட்டுவது போலத் தட்டிவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்றான். அவள் வந்து திறந்தாள்.

"உங்க வீட்டு இரும்புல ஒரு துண்டு வேணும்." பெண்டாட்டியிடம் போய் உங்க வீடு என்றதற்கு, மச்சினன் இருந்திருந்தால் பத்து நாளைக்குச் சிரித்திருப்பான். "மனசிருந்தா குடுங்க. இல்லன்னாலும் வருத்தமில்ல."

அவள் இல்லை என்று சொல்லியிருந்தாலும் அவன் தலையாட்டிவிட்டு நகர்ந்திருப்பான். இப்போது அந்தப் பக்குவம் அவனுக்கு வந்துவிட்டது.

"தர்றேன்" என்று சொல்லி, சிவப்புத் துணியை மட்டும் அவிழ்த்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இரும்பை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.