செவ்வாய் பார்த்து வைத்த தேதி

என் மகள் கல்யாணத்துக்குச் செவ்வாய் பார்த்துத்தான் தேதி வைத்தேன். அதுவும் நான்! "ராகு காலம் டீச்சர், கொஞ்சம் பொறுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்பதற்காகவே, அந்த நேரத்தில் புது பீரோவை வீட்டுக்குள் ஏற்றியவள். மிஷன் பள்ளியில் ஆனிமேரி டீச்சர் என்றால் புதூரில் எல்லோருக்கும் தெரியும்.

ஜெனி அமெரிக்காவில் இருக்கிறாள். செவ்வாய்க் கிரகத்தில் ஓடும் ஆறு சக்கர வண்டிக்கு, "அங்கே போ, அந்தப் பாறையைப் படம் எடு" என்று உத்தரவு எழுதும் குழுவில் வேலை. இரண்டு வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. கேட்டால், "செவ்வாய் சூரியனுக்குப் பின்னாடி போறப்பதான்ம்மா எங்களுக்கு லீவு. ஜனவரியில வாரேன்" என்பாள். அவளுக்குப் பிடித்த பையனுக்கும் அங்கேதான் வேலை. அவன் அப்பா கிளமெண்ட் வண்டியூரில் இருக்கிறார். ஜனவரி முதல் வாரம் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று, காரணத்தையும் விளக்கி, இரண்டு வீட்டுக்கும் வேண்டிய மெர்வின் அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

மறுநாள் சாயங்காலம் கிளமெண்ட் வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"டீச்சர், உங்க பொண்ணுக்குச் செவ்வாய் தோஷமா?"

"என்னண்ணே சொல்றீங்க?"

"செவ்வாய் மறையிற நாள்லதான் தாலி கட்டணும்னு சொன்னீகளாம்ல? மெர்வின் சொன்னான். ஜெபம் பண்ற குடும்பம்னு நம்புனோம். கிரகம் பாக்குற வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பீரோ கதையை எடுத்துவிட்டிருப்பேன். ஆனால் அந்தப் பையன் அப்பா பேச்சைத் தாண்ட மாட்டான். இவர் வாசல்படி இறங்கினால் ஜெனியின் கல்யாணம் அதோடு சரி. பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்கு வீடியோ கால் போட்டு, போனை அவர் கையில் திணித்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. தலைகூடச் சீவாமல் வந்து நின்றாள். "செவ்வாய் சூரியனுக்குப் பின்னாடி போனா உனக்கு ஏன் லீவுன்னு மாமாவுக்கு நீயே சொல்லு" என்றேன்.

"மாமா, செவ்வாயில ஓடுற எங்க வண்டியால பூமிக்கு நேரா பேச முடியும், ஆனா ரொம்ப மெதுவாத்தான் பேசும். செவ்வாயைச் சுத்திக்கிட்டிருக்கிற விண்கலம் தலைக்கு மேல வர்ற கொஞ்ச நேரத்துல, எடுத்த படத்தை எல்லாம் அதுகிட்டக் குடுத்துரும். அது எங்களுக்கு அனுப்பும்."

"சரி, அந்த விண்கலம் சூரியனுக்குப் பின்னாடி இருந்தா பேசாதோ?" கிளமெண்ட் விடுவதாக இல்லை.

"செவ்வாயோட சேர்ந்து அதுவும்தானே மாமா பின்னாடி போயிருது. சூரியன் நடுவுல நின்னு சிக்னலைக் கலைச்சு விட்டுரும். நாங்க சொல்றது சுத்தமாக் கேக்கலைன்னாக்கூடப் பரவாயில்லை, வண்டி சும்மா நிக்கும். பாதி கேட்டுச்சுன்னாதான் ஆபத்து. ஏடாகூடமா எதையாவது செஞ்சுரும். அதனால செய்ய வேண்டியதை முன்னாடியே சொல்லி வச்சிட்டு, ரெண்டு வாரத்துக்கு ஒரு உத்தரவும் அனுப்ப மாட்டோம். அப்பதான் எனக்கு லீவு. வேற ஒண்ணுமே இல்லை மாமா."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது.

கிளமெண்ட் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பாதி கேட்டா ஆபத்து..." என்று முணுமுணுத்தவர், திடீரென்று தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "மெர்வின் பய எங்கிட்டப் பாதியத்தான் கொண்டாந்து சேத்திருக்கான்! நானும் ஏடாகூடமாக் கிளம்பி வந்துட்டேன். டீச்சர், காபி இருக்கா?"

ஃபில்டரில் இருந்த டிக்காஷன் முழுவதையும் அந்த மனுஷனுக்கே ஊற்றினேன்.

ஜனவரியில் கல்யாணம் நிறைவாக நடந்தது. மெர்வின் அண்ணனைப் பந்தி விசாரிக்க மட்டும் விட்டோம், யாரிடமும் எதையும் சொல்லி அனுப்பவில்லை. ஜெனி போனை எங்கேயோ போட்டுவிட்டு, என் மடியில் தலை வைத்து மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். பார்க்கப் பார்க்க எனக்குத் தெவிட்டவில்லை.

அவர்கள் திரும்பிப் போகும் நாளில் விமான நிலையத்தில் கிளமெண்ட் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, செவ்வாய் அடுத்து எப்ப மறையும்?"

"ரெண்டு வருஷம் ஆகும் மாமா. மார்ச் மாசம்."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தவர் முகம் சுருங்கியது. "லெந்து காலமாச்சே, நோன்பு நேரத்துல விசேஷம் வைக்க மாட்டாகளே." பிறகு கையை உதறினார். "போகட்டும். பாஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் அப்பத்தான்."