முன், பின்

கண்ணாடியில் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. கன்னத்தில் தோல் பழைய சுவரின் சுண்ணாம்பு போலப் பெயர்ந்து நின்றது. அடியில் செக்கச்செவேல் என்று புதுத்தோல். பச்சைத் தண்ணீர் பட்டாலே சுள்ளென்றது. உரித்துவிடலாமா என்று விரல் நமநமத்தது. தோல் தானாக விழ வேண்டும், சோப்பு வேண்டாம், வெயில் வேண்டாம், வாசலினைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். "இதுக்கு மேல மேக்கப் போட்டீங்கன்னா கருப்பா தழும்பு தங்கிடும். அப்புறம் என்கிட்ட வராதீங்க."

நாத்தனார் எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றாள். "லேசா தேய்ச்சா செவப்பு போயிடும் அண்ணி."

"முதல்ல உன் மூஞ்சில தேய்ச்சுக் காட்டு."

"ஓசியில பண்றாங்கன்னு நீதானே போய்ப் படுத்த?" என்றான் கணவன், செருப்பை மாட்டிக்கொண்டே.

ஓசியாம். அழகு நிலையத்தின் வரவேற்பு மேசையில் உட்காருகிறவளைக் கூப்பிட்டு, "உன் நிறத்துக்குத்தான் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும், விளம்பரத்துக்கு வேணும்" என்று முதலாளியம்மாவே சொன்னால், மாட்டேன் என்று எந்த மகராசி சொல்வாள்? முகத்தில் நிறம் வெளுக்கும் மருந்தைப் பூசியதும் அவருக்குப் போன் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே போனவர்தான். எரிகிறது என்று இவள் கத்தியபோது கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து, பொறுத்துக்கொள் என்று கையைக் காட்டிவிட்டு, யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். துடைக்க வந்தபோது முகம் வெந்திருந்தது.

லீவு முடிந்தது. துப்பட்டாவால் முகத்தை மூடி, குடையும் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேசைக்குப் பின்னால் சுவரில் ஆளுயரத்துக்குப் புதுப்படம். இடது பாதியில் 'முன்' என்று போட்டு அவள் முகம். வலது பாதியில் 'பின்' என்று போட்டு வழவழவென்று வேறு எவளோ. நடுவில் மூக்குகூட ஒட்டவில்லை.

"வந்துட்டியா? இந்தா, ஃபவுண்டேஷன். திக்கா போட்டுக்கோ, கஸ்டமர் வர்ற நேரம்," என்றார் முதலாளியம்மா.

"போடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க மேடம்."

"அப்ப உள்ள போய் டவல் மடி. இந்த மூஞ்சியோட முன்னாடி உட்காராதே."

இந்த மூஞ்சி யார் கொடுத்தது என்று கேட்க நாக்கு துடித்தது. வேலை போனால் வீட்டில் பேச்சு இன்னும் நீளும். அதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் உள்ளே போகவில்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். துப்பட்டாவை எடுத்தாள். பையிலிருந்து வாசலின் டப்பாவை எடுத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வைத்தாள்.

கல்யாணம் நிச்சயமான பெண்ணொருத்தி தன் அம்மாவோடு வந்தாள். அம்மா படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இது நீங்கதானேம்மா?"

முதலாளியம்மா முந்திக்கொண்டு சிரித்தார். "ஆமா, நம்ம பொண்ணுதான்."

"இடது பக்கம் மட்டும் நான்," என்றாள் அவள். "இங்க பண்ணிக்கிட்டப்புறம் இருக்கறது இது."

விளக்கு வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக் காட்டினாள். கல்யாணப் பெண்ணின் கை மெல்ல எழுந்து தன் கன்னத்தையே மூடிக்கொண்டது. இவள் வாசலின் டப்பாவை மூடாமல், மறு கன்னத்துக்கு விரலைக் கொண்டுபோனாள்.